நிறத்துக்கு அளவு தந்தவர்

இறுதிப் போரில் காணாமல் ஆக்கப்பட்ட தன் மகனின் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி ஒரு தாய் என்னிடம் வந்தார். இடம்பெயர்வுகளில் வீட்டுப் படங்கள் எல்லாம் தொலைந்துவிட்டன. வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் ஸ்கான் செய்து அனுப்பிய பிரதி மட்டுமே எஞ்சியிருந்தது. கணினித் திரையில் அதைக் கண்டதும், மகனின் சேட்டு பச்சை இல்லை, நீலம் என்றார் அவர். இத்தனை வருடத்தில் நினைவு பிசகியிருக்கும் என்றுதான் நான் எண்ணினேன்.

இரவு நிறம் அளக்கும் கருவியைத் திரையில் பொருத்திப் பார்த்தேன். பிழை என் திரையில்தான். நீல ஒளி குறைந்து, படமே மஞ்சளித்திருந்தது.

நிறத்தையும் அளக்கலாம் என்று காட்டியவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல். 1831இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். எட்டு வயதில் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார்.

இளைஞராக இருந்தபோது அவர் நிறக் காகித வட்டங்களைச் சுழற்றிப் பரிசோதித்தார். வெளிவட்டத்தில் சிவப்பு 37, நீலம் 27, பச்சை 36 பாகம். உள்வட்டத்தில் வெள்ளை 28, கறுப்பு 72 பாகம். வேகமாகச் சுழலும்போது இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தன. நிறம் எண்ணாக மாறியது அப்படித்தான்.

1860இல் அபடீனில் இரண்டு கல்லூரிகள் இணைக்கப்பட்டபோது அவரது பேராசிரியர் பதவி பறிபோனது. லண்டன் சென்றும் ஆய்வை விடவில்லை. தன் கண்ணை மட்டும் நம்பாமல் மனைவி கத்தரினையும் பார்க்கச் சொல்லி அளவெடுத்தார். இருவரின் அளவுகளும் முழுதாகப் பொருந்தவில்லை. அந்த வேறுபாட்டை மறைக்காமல் பதிவு செய்தார்.

1861இல் ஒரு ரிபனைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளூடாக மூன்று தடவை படமெடுக்கச் செய்து, மூன்றையும் ஒரே திரையில் ஒளியாக விழுத்தி நிறப்படமாகக் காட்டினார். 1879இல், 48 வயதில், தாயைக் கொன்ற அதே நோயால் இறந்தார்.

இன்றைய திரைகளும் அந்த மூன்று ஒளிகளில்தான் இயங்குகின்றன. பாவிக்கப் பாவிக்க அவற்றின் விகிதம் மாறும். கருவி ஒவ்வொன்றையும் அளந்து, நியம வெள்ளையான 6500 கெல்வினுக்குத் திருத்துகிறது.

மறுநாள் திருத்திய திரையில் படத்தைக் காட்டினேன். சேட்டு நீலமாக இருந்தது. அந்த அம்மா ஒன்றும் பேசாமல் தலையசைத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் யாருடைய நினைவையும் சந்தேகிப்பதற்கு முன் என் திரையை அளந்துவிடுகிறேன்.