தொட்டில் தீட்டிய தூரிகை

பிரெஞ்சு நாட்டின் பூர்ஜ் நகரில் 1841ஆம் ஆண்டு பிறந்தவர் பெர்த் மொரிசோ அம்மையார். அக்காலத்தில் பாரிசு மாநகரின் அரசினர் கலைப்பள்ளியில் மகளிர்க்கு இடமில்லை. 1897ஆம் ஆண்டில்தான் அதன் கதவு அவர்களுக்குத் திறந்தது. ஆதலின், பெர்த்தும் அவர்தம் தமக்கை எட்மாவும் தனியாசிரியரிடம் பயின்றனர். லூவர் மாளிகையின் பேரோவியங்களைப் பார்த்து எழுதிப் பழகினர். இயற்கைக் காட்சிகளைத் தீட்டுவதில் வல்லவராகிய கோரோவிடமும் கற்றனர். 1864ஆம் ஆண்டு இருவர்தம் ஓவியங்களும் அரசினர் கண்காட்சியில் இடம்பெற்றன. ஆயின், 1869ஆம் ஆண்டில் மணம்புரிந்துகொண்ட எட்மா ஓவியத் தொழிலைக் கைவிட்டார். பெர்த்தோ தூரிகையை விட்டாரல்லர்.

ஆடவரைப் போலத் தெருவிலும் உணவு விடுதியிலும் தனித்தமர்ந்து தீட்டும் உரிமை, அந்நாளில் அவர் போன்ற குடிப்பிறந்த பெண்களுக்கு இல்லை. எனவே, இல்லத்தையும் தோட்டத்தையுமே தம் கலைக்குக் களமாகக் கொண்டார். 1872ஆம் ஆண்டில் அவர் தீட்டிய 'தொட்டில்' என்னும் எண்ணெய் வண்ண ஓவியம் அத்தகையது. அதில், எட்மா தம் பச்சிளங்குழவி துயில்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தாயின் மடங்கிய கையும் சேயின் மடங்கிய கையும் ஒன்றையொன்று ஒத்துள்ளன. தாயின் நோக்கு சாய்ந்து இறங்கிக் குழவியின் முகத்தில் சென்று தங்குகிறது. நம் கண்ணும் அவ்வழியே செல்கிறது. தொட்டிலின் மெல்லிய திரை வெண்மையானது. எனினும், அவ்வெண்மையில் நீலமும் சாம்பல் நிறமும் இளஞ்சிவப்பும் இழைந்துள்ளன. தாயின் கரிய உடை அருகில் இருப்பதால் திரையின் ஒளி மிகுந்து தோன்றுகிறது.

1874ஆம் ஆண்டு மோனே, ரெனுவார், தெகா முதலியோர் அரசினர் கண்காட்சியின் துணையை நாடாது தாமே ஒரு கண்காட்சி நடத்தினர். கணத்தில் தோன்றி மாறும் ஒளியையும் நிறத்தையும் தீட்டிய அவர்களைப் பின்னர் உலகம் இம்பிரெஷனிஸ்டுகள் என்று அழைத்தது. அக்கண்காட்சியில் பங்குகொண்ட ஒரே பெண்மணி பெர்த் ஆவார். 'தொட்டில்' ஓவியமும் அங்கே வைக்கப்பெற்றது. அதனை வாங்குவார் ஒருவரும் இலர்.

அவ்வாண்டு இறுதியில், ஓவியர் எதுவார் மானேயின் தம்பியாகிய யூஜீனை அம்மையார் மணந்தார். மணமான பின்னும் தீட்டுதலை நிறுத்தவில்லை. மகள் ஜூலி பிறந்த பின்னர் நடந்த 1879ஆம் ஆண்டுக் கண்காட்சி ஒன்று நீங்கலாக, அக்குழுவினர் நடத்திய எட்டுக் கண்காட்சிகளுள் ஏழில் பங்குகொண்டார். நோயுற்ற மகளைப் பேணியபோது தாமும் நோய்வாய்ப்பட்டு, 1895ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தம் ஐம்பத்து நான்காம் அகவையில் மறைந்தார். அவர்தம் இறப்புச் சான்றிதழ் அவரைத் தொழில் ஏதும் இல்லாதவர் என்றே குறித்தது.

விலைபோகாத 'தொட்டில்' நெடுங்காலம் குடும்பத்தாரிடமே இருந்து, 1930ஆம் ஆண்டில் லூவரை அடைந்தது. இன்று பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் திகழ்கிறது. அச்சான்றிதழ் மறைத்த தொழிலை அவ்வோவியம் காண்பார்க்கெல்லாம் அறிவித்துக்கொண்டிருக்கிறது. அண்மையில் உள்ளதை அன்போடு உற்றுநோக்கும் கண்ணுடையார்க்கு, வீட்டின் ஒரு மூலையும் அழியாக் கலைக்குப் பொருளாகும் என்பதை மொரிசோ அம்மையாரின் வாழ்வால் நாம் அறிகின்றோம்.