சாவ்ரி பஜார் கோட்டாவில் இருந்து சர்தானா அரியணை வரை: யார் இந்த பேகம் சம்ரு?

டெல்லியில் இருக்கிறீர்களா? கல்யாணப் பத்திரிகை அடிக்க சாவ்ரி பஜார் போயிருப்பீர்கள். சீரியல் லைட் வாங்க சாந்தினி சௌக் பகீரத் பேலஸுக்கும் போயிருக்கலாம். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச தூரம்தான், நடந்தே போயிடலாம். ஆனால் அந்தப் பாதையைக் கடக்க ஒரு பெண்ணுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

கோட்டா என்றால் என்ன?

முகலாயர் காலத்து சாவ்ரி பஜாரில் கீழே கடை, மேலே கோட்டா. அங்கே வாழ்ந்த தவாயிஃப் பெண்கள் இசை, நடனம், உருதுக் கவிதை எல்லாம் கற்றவர்கள். பாலியல் உறவும் அந்த உலகில் இருந்தது. ஆனால் அது மட்டும்தான் என்று நினைத்தால் தப்பு.

1750-களில் பிறந்த ஃபர்ஸானா சிறு வயதிலேயே இங்கே வந்து சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். 1760-களில் வால்டர் ரைன்ஹார்ட் என்ற ஐரோப்பியக் கூலிப்படைத் தலைவர் அவரைத் துணையாக அழைத்துப் போனார். அவருக்கு 'சோம்ப்ரே' என்று ஒரு பட்டப்பெயர். நம்ம ஊர் வாயில் அது 'சம்ரு' ஆனது.

படை எப்படிக் கைக்கு வந்தது?

ரைன்ஹார்ட்டுக்கு முகலாய அரசு மீரட் அருகே சர்தானா ஜாகீரைக் கொடுத்தது. 1778-ல் அவர் இறந்ததும், படையும் ஜாகீரும் பேகம் வசம் வந்தன. 1781-ல் அவர் கத்தோலிக்கரானார், பெயர் ஜொவானா. 1788-ல் கோகுல்கர் முற்றுகையில் பேரரசர் இரண்டாம் ஷா ஆலமின் முகாம் தாக்கப்பட்டபோது, பல்லக்கில் ஏறி தன் படையோடு போய்க் காப்பாற்றினார்.

எல்லாம் ஏறுமுகம்தானா? இல்லை. லெ வாசூ என்ற பிரெஞ்சு அதிகாரியைத் திருமணம் செய்துகொண்டது வீரர்களுக்குப் பிடிக்கவில்லை. 1795-ல் கலகம் வெடித்தது. தப்பி ஓடும் வழியில் பேகம் இறந்துவிட்டார் என்று நம்பி, கணவர் தன்னையே சுட்டுக்கொண்டார். உயிர் பிழைத்த பேகத்தை வீரர்கள் பீரங்கியோடு கட்டி வைத்தார்கள். மீட்டது, ஏற்கெனவே அவரிடம் இருந்து பிரிந்து போன தளபதி ஜார்ஜ் தாமஸ்.

அவரை வெறும் வீரநாயகியாகப் பார்க்கவும் முடியாது. தீ வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட அடிமைப் பெண்களை உயிரோடு புதைக்கச் செய்தார் என்று அக்கால ஐரோப்பியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

1803-ல் டெல்லி ஆங்கிலேயர் கைக்குப் போனதும், அவர்களோடு ஒப்பந்தம் செய்து சர்தானாவைத் தக்கவைத்தார். சாந்தினி சௌக்கில் மாளிகை கட்டினார். 1836 ஜனவரி 27-ல் அவர் இறந்ததும், கிழக்கிந்திய கம்பெனி சர்தானாவை எடுத்துக்கொண்டது.

மற்ற பெண்கள் என்ன ஆனார்கள்?

1857-க்குப் பிறகு தவாயிஃப்களை ஆதரித்த அரசவைகள் சரிந்தன. பாலியல் தொழிலாளிகள் என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களுக்கு 1868-ம் ஆண்டுச் சட்டம் பதிவையும் மருத்துவப் பரிசோதனையையும் கட்டாயமாக்கியது. பாடிப் பிழைத்தவருக்கும் உடலை விற்றுப் பிழைத்தவருக்கும் இருந்த வித்தியாசம் அரசின் கண்ணில் மங்கிப் போனது. பின்னாளில் சாவ்ரி பஜார் கோட்டாக்கள் காலி செய்யப்பட்டன. தொழில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜி.பி. ரோட்டில் குவிந்தது. அதன் பெயர் இன்று சுவாமி ஷ்ரத்தானந்த் மார்க். ஆனால் அங்கேயும் அதே அமைப்புதான்: கீழே கடை, மேலே கோட்டா.

பேகம் தப்பியதற்குக் காரணம் திறமை மட்டும் இல்லை. அவர் கையில் ஒரு படை இருந்தது. சாவ்ரி பஜாரின் மற்ற பெண்களுக்கு அது இல்லை. சர்தானாவில் அவர் கட்டிய தேவாலயத்தில் இத்தாலியச் சிற்பி அதாமோ தாதோலினி செதுக்கிய அவரது பளிங்கு நினைவுச்சின்னத்தை இன்றும் பார்க்கலாம். அவரோடு அதே தெருவில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை.