காமா பயில்வான்: படிப்படியாய் ஏறிய பலம்

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே கண்ணில் பட்ட வெயிட்டையெல்லாம் தூக்கிவிட்டு, மறுவாரம் படி ஏற முடியாமல் முனகி, மூன்றாம் வாரம் ஜிம் பக்கமே போகாதவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்காகவே காமா பயில்வானைப் பற்றி எழுதுகிறேன்.

அவருடைய இயற்பெயர் குலாம் முகமது பக்ஷ். 1878-ல் பஞ்சாபில் அமிர்தசரஸ் பக்கம், மல்யுத்தக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சீக்கிரமே இறந்துவிட, தாய்வழித் தாத்தாவும் பிறகு மாமாவும் வளர்த்துப் பழக்கினார்கள். 1888-ல் ஜோத்பூரில் நடந்த பஸ்கிப் போட்டியில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். கடைசிவரை நின்ற பதினைந்து பேருக்குள் இந்தப் பத்து வயதுப் பையனும் ஒருவன்!

அப்போது அவர் தினம் 500 பஸ்கி, 500 தண்டால் எடுத்ததாகச் சொல்வார்கள். ஆளான பிறகு அது 5000 பஸ்கி, 3000 தண்டால் ஆனதாம். நாம் அந்தப் பெரிய கணக்கைப் பார்த்து மலைக்கிறோம். ஐநூறு ஐயாயிரமாக எத்தனை வருஷம் பிடித்திருக்கும் என்று யோசிப்பதில்லை. நம்ம ஸ்ரீரங்கம் ராஜகோபுரமும் பல நூற்றாண்டு மொட்டைக் கோபுரமாக நின்று, 1987-ல்தான் பதின்மூன்று நிலையும் முடிந்தது. அடித்தளம் தாங்கியதால்தானே மேலே ஏற்ற முடிந்தது?

1910-ல் காமா லண்டன் போனார். ஐந்தடி ஏழு அங்குல உயரம்தான் என்பதால் முதலில் போட்டியில் சேர்க்கவில்லை. சவால் விட்டு, அமெரிக்காவின் ரோலரைத் தோற்கடித்தார். பிறகு போலந்து வீரர் ஸ்பிஸ்கோவோடு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் மோதியும் முடிவு கிடைக்கவில்லை. மறுபோட்டிக்கு ஸ்பிஸ்கோ வராததால் பட்டம் காமாவுக்கே வந்தது. 1928-ல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி மோதினார்கள். ஐம்பதை நெருங்கிய காமா ஒரே நிமிஷத்துக்குள் ஜெயித்தார். 1960-ல் லாகூரில் காலமானார்.

அவர் உழைப்புக்கு ஈடாகப் பால், நெய், பாதாம் என்று சாப்பாடும் இருந்தது. டாட்டியா, பாட்டியாலா சமஸ்தானங்கள் அவரை ஆதரித்தன. இதை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் காப்பி அடித்தால் உடம்பு தாங்காது.

மெக்கானிக்கல் படிக்கிற நமக்கு இது புரியாத விஷயமில்லை. ஒரு கம்பி ஒரு தடவை தாங்குகிற பாரத்தையே திரும்பத் திரும்பக் கொடுத்தால், ஒருநாள் களைத்து முறிந்துவிடும். கம்பிக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளத் தெரியாது. உடம்புக்குத் தெரியும், ஆனால் அதற்கு ஓய்வும் சோறும் தூக்கமும் வேண்டும். பலம் ஏறுவது தூக்கும்போது அல்ல, தூக்கிய பிறகு.

அதனால் இன்றைய பயிற்சியாளர்கள் வாரத்தையே பிரித்துப் போடுகிறார்கள். திங்கள் 60 கிலோ வைத்து பஸ்கி எடுத்தால், புதன் 45 கிலோ, வெள்ளி 52 கிலோ போதும். நடுவில் ஓய்வு. சுலபமாக வந்தால் அடுத்த வாரம் இரண்டரை கிலோ கூட்டலாம். மூன்று வாரம் ஏற்றி, நாலாவது வாரம் இறக்கிக்கொள்ளலாம். தூக்கம் கெட்டாலோ மூட்டு வலித்தாலோ அன்றைக்கு வெயிட்டைக் குறைப்பதில் வெட்கமே இல்லை.

என் அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். புதுப்பையன் வந்தால் முதல் மாசம் சின்ன மூட்டைதான் கொடுப்பார்களாம். ஆனால் லாரி வந்துவிட்டால், உடம்பு சரியில்லை என்று அப்பாவால் பாரத்தைக் குறைக்க முடியாது. எந்த நாளில் எவ்வளவு தூக்குவது என்று தீர்மானிக்கும் சுதந்திரம் நமக்கு இருக்கிறது. தோழர்களே, அதை வீணாக்க வேண்டாம். நோட்டில் வாரக்கணக்கு எழுதுங்கள். பலம் தானாக வரும்!