ஒன்றரைக் கோடி மோட்டார்களும் ஒரு மனிதரின் பிடிவாதமும்

தோழர்களே! தோற்றவன் இரவில் விழித்திருப்பான். எங்கே பிழைத்தோம் என்று எண்ணிப் புரண்டு கொண்டிருப்பான். வென்றவனுக்கோ தூக்கம் நன்றாக வரும். மாலையும் மேளமும் முழங்கும் வீட்டில் கதவைத் தட்டும் ஓசை யார் காதில் விழும்? அப்படித் தூங்கிப்போன ஒரு பெரிய முதலாளியின் கதை இது. அவர் எப்படி எழுந்தார், எழுந்திருக்க எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார், அந்தத் தாமதத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைத் தொழிலாளத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் பெயர் ஹென்றி ஃபோர்டு. அமெரிக்காவின் மோட்டார் மன்னர். நமக்கும் அந்தப் பெயர் புதிதல்ல. செங்கற்பட்டுப் பக்கம் மறைமலைநகரில் ஆலை எழுப்பி, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அடுப்பெரியச் செய்து, 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்திய கம்பெனி அவர் தொடங்கியதுதான்.

1863-ம் ஆண்டு, மிச்சிகன் மாநிலத்தில், அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தார் ஃபோர்டு. ஏர் பிடிக்க அவருக்கு மனம் இல்லை; யந்திரத்தின்மேல் மோகம். 16 வயதில் டெட்ராய்ட் நகருக்கு வந்து பட்டறையில் வேலை பழகினார். பிறகு எடிசன் பெயரால் நடந்த மின்சாரக் கம்பெனியில் இன்ஜினியர் வேலை. பகலெல்லாம் கம்பெனி வேலை. இரவெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் சொந்த வேலை. 1896-ல் நான்கு சைக்கிள் சக்கரங்களின்மேல் ஓடும் வண்டி ஒன்றைச் செய்து முடித்தார். முடித்த பிறகுதான் தெரிந்தது, கொட்டகையின் வாசல் வண்டியைவிடக் குறுகல் என்று! கோடரியை எடுத்துச் சுவரை உடைத்து வண்டியை வெளியே கொண்டுவந்தார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தன் சுவரைத் தானே உடைக்கத் தயங்காத வாலிபர் அவர்.

முதல் கம்பெனி முழுகிப்போயிற்று. இரண்டாவது கம்பெனியில் பங்காளிகளோடு ஒத்துப்போகாமல் வெளியேறினார்; அதுதான் பின்னாளில் பணக்காரர்களின் கார் ஆன காடிலாக். 1903-ல் 28,000 டாலர் முதலோடு மூன்றாவது கம்பெனி பிறந்தது. நிலைத்தது.

1908-ம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது டி மாடல் என்ற வண்டி. அன்று மோட்டார் என்பது சீமான்களின் விளையாட்டுச் சாமான். இதுவோ சேற்றிலும் மேட்டிலும் ஓடும். தரையிலிருந்து உயர்ந்து நிற்கும். வனேடியம் கலந்த உருக்கினால் ஆனதால் எடை குறைவு, வலு அதிகம். பழுதானால் குடியானவனே சுத்தியும் ஸ்பானரும் கொண்டு சரிசெய்துகொள்ளலாம். அதற்கும் குறைகள் உண்டு. கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். அது திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும். பெட்ரோல் தானாக வழிந்து இறங்கும் அமைப்பு. ஆகையால் தொட்டியில் எண்ணெய் குறைந்திருந்தால் செங்குத்தான மேட்டைப் பின்பக்கமாகத்தான் ஏற வேண்டும்! ஆனாலும் ஜனங்கள் அதை நேசித்தார்கள். 850 டாலருக்கு விற்க ஆரம்பித்த வண்டியின் விலை வருஷத்துக்கு வருஷம் இறங்கியது. 1920-களின் நடுவில் 260 டாலருக்கே ஒரு வண்டி வாங்கலாம் என்ற நிலை.

விலை எப்படி இறங்கியது? இங்கேதான் நம் ஆட்கள் வருகிறார்கள். 1913-ல் ஹைலண்ட் பார்க் ஆலையில் ஓடும் சங்கிலித் தடத்தை அமைத்தார்கள். தொழிலாளி நின்ற இடத்தில் நிற்க, வண்டி அவனைத் தேடி வரும். ஒருவனுக்கு ஒரு திருகாணி. நாள் முழுதும் அதே திருகாணி. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த அடிச்சட்ட வேலை 93 நிமிஷத்துக்குள் முடிந்தது. முதலாளிக்குக் கொண்டாட்டம், கை ஓய்ந்தவனுக்குத் திண்டாட்டம். வந்தவர்கள் நிற்கவில்லை, ஓடினார்கள். 14,000 பேர் கொண்ட ஆலையை நடத்த ஒரே வருஷத்தில் 52,000 பேரைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

அந்த ஓட்டத்தைத் தடுக்கத்தான் 1914 ஜனவரியில் ஃபோர்டு ஒரு வெடி வெடித்தார். நாள் ஒன்றுக்கு எட்டு மணி வேலை, ஐந்து டாலர் கூலி. அதுவரை ஒன்பது மணி நேரத்துக்குச் சுமார் இரண்டேகால் டாலர். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் ஐந்தில் ஏறக்குறைய பாதி, லாபத்தில் பங்கு என்ற பெயரில் நிபந்தனையோடு வந்தது. குடிக்கிறானா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறானா என்று கம்பெனி ஆட்கள் தொழிலாளியின் அடுப்படி வரை வந்து எட்டிப் பார்த்தார்கள். வள்ளல் தன்மை என்று பலர் புகழ்ந்தார்கள். கணக்குப் பார்த்துச் செய்த காரியம் என்பது என் கருத்து. ஆனால் நல்ல கணக்கு. தொழிலாளி கையில் காசு இருந்தால்தான் சரக்கு விற்கும் என்ற உண்மையை மற்ற முதலாளிகளுக்கு முன்பே கண்டுகொண்டவர் அவர். அந்த அளவுக்குப் பாராட்டத்தான் வேண்டும்.

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஓடிய கார்களில் பாதிக்கு மேல் ஃபோர்டு கார். 1919-ல் மற்றப் பங்காளிகள் எல்லோருடைய பங்குகளையும் விலைக்கு வாங்கிவிட்டார். கம்பெனி முழுவதும் குடும்பச் சொத்து. மகன் எட்செல் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். சாவி தந்தையின் இடுப்பில்! எதிரே நின்று கணக்குக் கேட்க ஆள் இல்லை. கம்பெனியை ஆரம்ப முதல் தாங்கிய கூஸன்ஸ் 1915-லேயே விலகிவிட்டார். உற்பத்தியில் சூரரான நட்ஸன் 1921-ல் வெளியேறினார். பிறகு போட்டிக் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போய்ச் செவ்ரோலே கார்ப் பிரிவின் தலைவரானார்.

இந்த மெத்தனம் ஒரே நாளில் வந்ததல்ல. 1912-ல் ஃபோர்டு ஐரோப்பா போயிருந்த சமயம், அவருடைய ஆட்களே டி வண்டியைத் திருத்தி, தாழ்வாகவும் அழகாகவும் சிவப்பு வண்ணத்தில் ஒன்றைச் செய்து, ஐயா வந்ததும் காட்டி மகிழ்விக்கலாம் என்று காத்திருந்தார்களாம். வந்தவர் வண்டியை இரண்டு மூன்று முறை சுற்றி நடந்தார். கதவைப் பிடுங்கினார், கண்ணாடியை உதைத்து நொறுக்கினார் என்று சொல்கிறார்கள். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். அதற்குப்பின் அந்த ஆலையில் யார் புதிதாக யோசிப்பார்கள்? 1914 முதல் 1925 வரை டி வண்டிக்குக் கருப்பு ஒன்றே நிறம்.

வெளியே உலகம் ஓடிக்கொண்டிருந்தது. சேற்றுப் பாதைகள் நல்ல சாலைகளாயின. ஏற்கெனவே ஒரு கார் வைத்திருந்தவன் அடுத்ததாகக் கொஞ்சம் சொகுசைக் கேட்டான். மழையும் பனியும் படாத மூடிய வண்டியைக் கேட்டான். ஜெனரல் மோட்டார்ஸை நடத்திய ஸ்லோன் வருஷந்தோறும் புது உருவம் காட்டினார். தவணையில் கார் கொடுத்தார். கடன் என்றாலே ஃபோர்டுக்கு ஆகாது. வாரம் ஐந்து டாலர் முதலில் சேமித்துக் கொண்டு வா, முழுப் பணமும் சேர்ந்த பிறகு வண்டியை எடுத்துக்கொள் என்று 1923-ல் ஒரு திட்டம் போட்டார். பக்கத்துக் கடையில் இன்றைக்கே வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம் என்றால், இங்கே வந்து உண்டியலில் காசு போட எவன் நிற்பான்? ஃபோர்டு கார் விற்ற வியாபாரிகள் பலர் செவ்ரோலே பக்கம் தாவினார்கள். 1926-ல் அவருடைய பங்கு சந்தையில் மூன்றில் ஒன்றாகச் சுருங்கியது.

கம்பெனிக்குள் இருந்து ஒருவர் துணிந்தார். எர்னஸ்ட் கான்ஸ்லர், எட்செலின் சகலை, கம்பெனியில் உயர்ந்த பதவி வகித்தவர். 1926 ஜனவரியில், டி வண்டியின் காலம் முடிந்துவிட்டது, புதிய வண்டி வேண்டும் என்று பல பக்கங்களில், மிகுந்த பணிவோடு, புள்ளிவிவரங்களோடு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். அதன் பலன்? சில மாதங்களுக்குள், எட்செல் வெளிநாடு போயிருந்த நேரம் பார்த்து, கான்ஸ்லர் வெளியே அனுப்பப்பட்டார்.

தோழர்களே, இது முதலாளிகளுக்கு மட்டும் வரும் நோய் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு போராட்டத்தில் வென்ற சங்கத்திலும், ஒரு தேர்தலில் வென்ற கிளையிலும் கான்ஸ்லர்கள் இருப்பார்கள். கூட்டத்தில் கடைசி வரிசையில் எழுந்து நின்று, உறுப்பினர் சந்தா குறைகிறது என்று கணக்குச் சொல்லும் தோழரைத் துரோகி என்று முறைத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கும் உண்டல்லவா?

ஃபோர்டுக்கு அந்தக் குறிப்பு ஏன் அப்படிச் சுட்டது? பணம் போகிறதே என்பதற்காக அல்ல. பணத்தை அவர் பொருட்படுத்தியவர் அல்லர். டி வண்டி அவருக்குச் சரக்கு அல்ல, பிள்ளை. ஏழைக்கு மோட்டார் கொடுத்தவன் நான் என்ற பெருமை முழுவதும் அந்தக் கருப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தது. அது பழையதாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டால் தானும் பழையவனாகிவிட்டதாக ஆகும். கொட்டகைச் சுவரை இடித்த கோடரி கையில்தான் இருந்தது. இந்தச் சுவர் உள்ளுக்குள் இருந்தது.

கடைசியில் இடித்தார். 1927 மே 26 அன்று ஒன்றரைக் கோடியாவது டி வண்டி தடத்திலிருந்து இறங்கியது. தந்தையும் மகனும் அதில் ஏறி வந்தார்கள். அதோடு டி வண்டிக்கு முற்றுப்புள்ளி. ஆனால், அதற்குப் பதிலாக வரவேண்டிய வண்டியின் படம்கூட இன்னும் முடிவாகவில்லை! ஒரே வண்டிக்கென்றே செய்யப்பட்ட பல்லாயிரம் யந்திரங்களைக் கழற்றவும், திருத்தவும், தூக்கி எறியவும் வேண்டியிருந்தது. ஆலை அரை வருஷம் அடங்கிக் கிடந்தது.

ஆலை அடங்கினால் முதலாளி பட்டினி கிடப்பதில்லை. டெட்ராய்ட் நகரில் பல்லாயிரம் தொழிலாளிகள் வேலையின்றித் தெருவுக்கு வந்தார்கள். நகரசபையின் நிவாரண வாசலில் வரிசை நீண்டது. வாரம் ஐந்து நாள் வேலை என்று 1926-ல் ஃபோர்டு அறிவித்தபோது உலகம் கைதட்டியது. ஆறு நாள் கூலி ஐந்து நாளாகக் குறைந்ததையும், பிறகு அதுவும் போனதையும் நீபூர் என்ற ஒரு பாதிரியார் எழுதி எழுதி அம்பலப்படுத்தினார். கான்ஸ்லரின் குறிப்பைப் படித்த அன்றே வேலையைத் தொடங்கியிருந்தால் இந்த அடைப்பு இவ்வளவு நீண்டிருக்க வேண்டிய அவசியமில்லை.

அந்த ஆறு மாதம் ஃபோர்டு உழைத்ததையும் சொல்லத்தான் வேண்டும். வயது 64. வாலிபத்தில் கொட்டகையில் நின்றதுபோல் நின்றார். உருவ அழகை மகனிடம் விட்டார். யந்திரத்தைத் தாமே பார்த்தார். 1927 டிசம்பர் 2 அன்று ஏ மாடல் வெளிவந்தது. நான்கு சக்கரத்துக்கும் பிரேக், மூன்று வேகக் கியர், உடைந்தாலும் சிதறாத முன் கண்ணாடி, பல வண்ணங்கள். விலை 385 டாலரிலிருந்து. கடைகளின் முன்னால் ஜனங்கள் முண்டியடித்தார்கள். 1929-ல் முதலிடம் மீண்டும் ஃபோர்டுக்கு. தவணை விற்பனைக்கும் 1928-ல் இணங்கினார். 1932-ல், எழுபதை நெருங்கும் வயதில், எட்டு சிலிண்டர் யந்திரத்தை ஏழை வண்டிக்குள் வைத்துக் காட்டினார். மகன் கேட்ட நீர்ம அழுத்தப் பிரேக்கை மட்டும் தரமாட்டேன் என்று பிடித்த பிடி 1939 மாடல் வரை தளரவில்லை!

வண்டி விஷயத்தில் மனம் மாறியவர் மனிதர் விஷயத்தில் மாறினாரா? யூதர்களுக்கு எதிராகத் தம் பத்திரிகையில் வருஷக்கணக்காக விஷம் கக்கிவிட்டு, வழக்கு வந்த பிறகு அதே 1927-ல் மன்னிப்புக் கேட்டார். 1938-லோ இட்லர் ஆட்சி கொடுத்த பதக்கத்தை மார்பில் ஏற்றுக்கொண்டார். ஆலைக்குள் பேசக்கூடாது, உட்காரக்கூடாது. ஹாரி பென்னெட் என்பவரின் கீழ் அடியாள் படை. 1932 மார்ச் 7 அன்று வேலை கேட்டு ஊர்வலம் வந்த பசித்த மக்கள்மேல் போலீசாரும் கம்பெனி ஆட்களும் சுட்டார்கள். நால்வர் அங்கேயே மாண்டார்கள். ஐந்தாமவர் பிறகு இறந்தார். 1937-ல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தை ஏற்றுக்கொண்டன. ஃபோர்டு ஏற்கவில்லை. 1937 மே 26 அன்று ரூஜ் ஆலை வாசலின் மேம்பாலத்தில் துண்டறிக்கை கொடுக்க வந்த வால்ட்டர் ரூதரையும் தோழர்களையும் அடித்து, உதைத்து, படிகளில் உருட்டினார்கள். பத்திரிகைப் படக்காரர்களின் கருவிகளைப் பிடுங்கியும் ஒரு படம் தப்பி வெளிவந்துவிட்டது. டி வண்டிக்கு முடிவு கட்டிய நாளுக்குச் சரியாகப் பத்து ஆண்டு.

1941 ஏப்ரலில் ரூஜ் ஆலை முழுவதும் வேலைநிறுத்தம். சாலைகளை மோட்டார்களாலேயே அடைத்தார்கள் தொழிலாளர்கள். எட்செல் தந்தையிடம் மன்றாடினார். மே மாதம் வாக்கெடுப்பு நடந்தது. சங்கமே வேண்டாம் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. என் ஆட்கள் என் பக்கம் என்று நம்பியிருந்த கிழவருக்கு அது பேரிடி. ஆலையை மூடிவிடுகிறேன் என்று குமுறியவர், ஜூன் 20-ல் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டார். மனைவி கிளாரா, இரத்தக்களரி வந்தால் வீட்டைவிட்டுப் போய்விடுவேன் என்று உறுதியாக நின்றதாகச் சொல்லப்படுகிறது. ஒப்பந்தமோ மற்ற முதலாளிகள் கொடுத்ததைவிடப் பெரியது: சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கே வேலை, கூலியிலிருந்தே சந்தா பிடித்தம், தொழிலில் உயர்ந்த கூலி எதுவோ அதற்கு ஈடான கூலி, அநியாயமாக விலக்கப்பட்டவர்களுக்கு நிலுவை. சுவர் விழும்போது ஒரேயடியாகத்தான் விழுந்தது.

எட்செல் நெடுநாள் வாழவில்லை. வயிற்றுப் புற்றுநோயால் 49 வயதில் இறந்தார். அதுவும் மே 26, ஆண்டு 1943. எண்பதை எட்டிய தந்தை மீண்டும் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். நினைவு தடுமாறிக்கொண்டிருந்தது, கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தது. 1945 செப்டம்பரில் பேரனிடம் பொறுப்பைக் கொடுத்து விலகினார். பேரன் முதல் வேலையாகப் பென்னெட்டை வெளியே அனுப்பினார்.

1947 ஏப்ரல் 7 இரவு. ரூஜ் ஆற்றில் வெள்ளம். அந்தப் பெரிய மாளிகையில் மின்சாரம் நின்றுபோயிருந்தது. எண்ணெய் விளக்கும் மெழுகுவர்த்தியும் எரிந்த அறையில், அவர் பிறந்த காலத்துக் குடியானவர் வீட்டு வெளிச்சத்திலேயே, 83 வயதில் ஹென்றி ஃபோர்டு கண் மூடினார்.