மெழுகுவர்த்தியைப் பாடமாக்கிய மேதை

நம் லேபில் இருக்கும் மோட்டார், ஜெனரேட்டர், டிரான்ஸ்பார்மர் மூன்றுக்கும் அடிப்படை போட்டவர் ஒரே மனிதர். மெழுகுவர்த்தியின் காலம் முடிந்து மின்விளக்கின் காலம் வந்ததற்கு அவரும் ஒரு முக்கியக் காரணம். அப்படிப்பட்டவர், 69 வயதில் சிறுவர் கூட்டத்தின் முன்னால் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு ஆறு சொற்பொழிவு நடத்தினார் என்றால் நம்ப முடிகிறதா? அவர்தான் மைக்கேல் ஃபாரடே. பரீட்சைக்கு அவருடைய விதியை மனப்பாடம் பண்ணுகிறோம். அந்த மனிதரை எத்தனை பேருக்குத் தெரியும்?

1791 செப்டம்பர் 22 அன்று லண்டனை ஒட்டிய நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா கொல்லர், அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகிறவர். ஃபாரடேக்குக் கிடைத்த பள்ளிப் படிப்பு எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் கணக்கு, அவ்வளவுதான். 13 வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குப் போனார். அடுத்த வருடம் அதே கடையில் பைண்டிங் தொழில் பழகச் சேர்ந்தார். ஏழு வருட ஒப்பந்தம்.

பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டியதோடு நிற்காமல் படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் புத்தகமும் அவரைப் பிடித்துக்கொண்டன. அப்போது லண்டனில் டேட்டம் என்பவர் மாலை நேரத்தில் அறிவியல் சொற்பொழிவு நடத்தி வந்தார். கட்டணம் ஒரு ஷில்லிங். அந்தக் காசைக் கொடுத்தவர் அண்ணன் ராபர்ட். அவரும் அப்பாவைப் போலக் கொல்லர்தான்.

எங்க வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். என் ஃபீஸுக்காக வீட்டில் யார் யார் எதை எதை விட்டுக்கொடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும். அதனால் அந்த ஒரு ஷில்லிங்கைப் பற்றிப் படிச்சப்போ, கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வச்சிட்டேன்.

1812-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கக் கடைக்கு வந்த ஒருவர் டிக்கெட் கொடுத்தார். கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, படம் போட்டு, தன் கையாலேயே பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பி வேலை கேட்டார் ஃபாரடே. பழகிய தொழிலே சிபாரிசுக் கடிதம் ஆயிற்று! 1813 மார்ச் 1-ல் அங்கே உதவியாளர் ஆனார். அந்த வருடமே டேவியோடு ஐரோப்பியப் பயணம் போனபோது, டேவியின் மனைவி அவரை வேலைக்காரனைப் போல நடத்தினார். மனசு வலித்தாலும் படிப்பை விடவில்லை. 1821-ல் மின்சாரத்தால் கம்பியைச் சுழல வைத்தார். 1825-ல் பென்சீனைக் கண்டுபிடித்தார். 1831 ஆகஸ்ட் 29-ல் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள் சுற்றி மின் தூண்டலைக் கண்டார். அதுதான் நம்ம டிரான்ஸ்பார்மரின் பாட்டன்.

இனி மெழுகுவர்த்திக்கு வருவோம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கு அவர் நடத்திய சொற்பொழிவுகள் புகழ் பெற்றவை. மெழுகுவர்த்தியையே 1848-லும், மறுபடி 1860 கடைசியிலும் எடுத்துக்கொண்டார். 1861-ல் அது புத்தகமாகவும் வந்தது.

மாட்டுக் கொழுப்பில் செய்த வர்த்தி கையில் பிசுபிசுக்கும். கொழுப்பிலிருந்து ஸ்டியரினைப் பிரித்துச் செய்தால் கெட்டியாக, பிசுபிசுப்பில்லாமல் இருக்கும். இந்த வித்தியாசத்தைக் காட்டிவிட்டு இன்னொரு வர்த்தியை எடுத்தார். 1782-ல் மூழ்கிய ராயல் ஜார்ஜ் கப்பலிலிருந்து எடுத்தது. 50 வருடத்துக்கு மேல் கடல் உப்புத் தண்ணீரில் கிடந்தும் பற்றவைத்ததும் எரிந்தது.

மேலே தீ எரிந்தும் வர்த்தியின் விளிம்பு ஏன் உருகி ஓடவில்லை? சூடான காற்று மேலே போக, கீழிருந்து குளிர்ந்த காற்று ஏறி விளிம்பைக் கெட்டியாக வைக்கிறது. நடுவில் மட்டும் ஒரு கிண்ணம் உண்டாகிறது. அழகுக்காக வரி வரியாகச் செய்த வர்த்தியில் இந்தக் கிண்ணம் சரியாக அமையாது. மெழுகு வழிந்து வீணாகும். உருகிய மெழுகு திரி வழியே தானாக ஏறுகிறது. எரிவது அந்தத் திரவம் இல்லை, அதன் ஆவி. வர்த்தியை அணைத்தவுடன் எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலே தீ தாவிப் பற்றும்.

அவசரத்துக்கு வீட்டிலேயே வர்த்தி செய்கிறவர்களுக்கு இதெல்லாம் அப்படியே உதவும். கெட்டி மெழுகு, ரொம்பத் தடிக்காத திரி, காற்று வீசாத இடம் - இந்த மூன்றும் இருந்தால் அதிக நேரம் எரியும். திரி தடிச்சா வெளிச்சம் கூடும், ஆனா மெழுகு சீக்கிரம் தீரும்.

தீச்சுடருக்கு மேலே குளிர்ந்த பாத்திரத்தைக் காட்டி, அதன் அடியில் தண்ணீர் துளிர்ப்பதையும் காட்டினார். நெருப்பிலிருந்து தண்ணீர்! கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 100 கிராம் பாரபின் மெழுகு முழுசா எரிந்தால் சுமார் 130 கிராம் தண்ணீர் ஆவியாக வரும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் சேருவதால்தான் எடை கூடுகிறது. குளிர் நாடுகளில் உறைபனி இரவில் செடிகள் வளர்க்கும் சின்னக் கண்ணாடி வீட்டுக்குள் வர்த்தி ஏற்றுவதுண்டு. ஒரு வர்த்தி சுமார் 70, 80 வாட் வெப்பம்தான் தரும். கூடவே கண்ணாடியெல்லாம் நீர் கோர்க்கும். காற்றோட்டமும் வேண்டும்.

இதே தொல்லை இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களிலும் இருந்தது. எண்ணெய் விளக்கு எரிய எரிய உள்கண்ணாடியில் நீர் படிந்து வெளிச்சம் மங்கும். கடலில் வரும் கப்பலுக்கு ஆபத்து. 1836 முதல் அந்தத் துறைக்கு ஆலோசகராக இருந்த ஃபாரடே, விளக்குப் புகையை நேரே வெளியே கொண்டுபோகும் புகைபோக்கியை அமைத்தார். அதன் காப்புரிமையைத் தான் வைத்துக்கொள்ளாமல் ஒருவருக்குக் கொடுத்தார். யாருக்கு? அந்த ஒரு ஷில்லிங் கொடுத்த அண்ணன் ராபர்ட்டுக்கு!

சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டித் தலைவர் பதவியையும் வேண்டாம் என்றார். 1867 ஆகஸ்ட் 25-ல் காலமானார். மெழுகுவர்த்தி போலத் தங்களைச் சுற்றி இருப்பவர்களுக்கு வெளிச்சம் தர வேண்டும் என்பதே சிறுவர்களுக்கு அவர் கடைசியாக வைத்த வேண்டுகோள். அவர் அதைச் சொல்வதற்கு முன்பே செய்துவிட்டார். நண்பர்களே, நமக்கும் ஒரு ஷில்லிங் கொடுத்தவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். அதை மறக்காமல் படிப்போம்!