பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா

மிக்கி மவுஸைத் தெரியாதவங்க நம் பள்ளியில் யாருமே இருக்க மாட்டீங்க. ஆனா அதை உருவாக்கிய வால்ட் டிஸ்னி, சின்ன வயசுல வீடு வீடாகப் பேப்பர் போட்ட பையன் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் 1901 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் சிகாகோவில் பிறந்தார். மார்சலின் என்ற சிற்றூரில் ஒரு பண்ணை வீட்டில் சில வருஷம் சந்தோஷமாக வளர்ந்தார். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகவே, பண்ணையை விற்றுவிட்டு 1911-ல் கன்சாஸ் சிட்டிக்குப் போனாங்க. அங்கே அப்பா பேப்பர் ஏஜென்சி எடுத்தார். வால்ட்டும் அண்ணன் ராயும் விடியறதுக்கு முன்னாடி எழுந்து, கொட்டுற பனியில் நடந்து பேப்பர் போடணும். வால்ட்டுக்கு அப்பா சம்பளமே தரவில்லை. வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிடுவாராம். (நம் வகுப்பில் முதல் பீரியடில் தூங்குறவங்க இந்தக் காரணத்தைச் சொல்லித் தப்பிக்க முடியாது!)

பணக்கார வீட்டுத் திண்ணைகளில் பிள்ளைகள் விட்டுட்டுப் போன பொம்மைகள் கிடக்கும். அந்த இருட்டிலேயே கொஞ்ச நேரம் விளையாடிட்டு, இருந்த இடத்திலேயே வச்சிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார். இதைப் படிச்சப்போ எனக்கு ஒரு மாதிரி ஆகிடுச்சு.

பிறகு நடந்தது பல புத்தகங்களில் வந்ததுதான், சீக்கிரமா சொல்லிடறேன். 1923-ல் அவர் ஆரம்பித்த கார்ட்டூன் கம்பெனி திவாலாச்சு. ஹாலிவுட் போனார். 1928-ல் மிக்கி வந்தது. 1937-ல் ஸ்னோ ஒயிட் படம் வந்து உலகப் புகழ் கிடைத்தது. ஆனா எல்லாமே நல்லதுன்னு சொல்ல மாட்டேன். 1941-ல் அவரிடம் வேலை செய்த ஓவியர்கள் ஸ்டிரைக் செய்தாங்க. அதை அவர் மன்னிக்கவே இல்லை. அது பெரிய மனசு இல்லைன்னுதான் எனக்குத் தோணுது.

அவருக்கு டயான், ஷெரன் என்று இரண்டு பெண்கள். சனிக்கிழமை வந்தால் அவங்களை லாஸ் ஏஞ்சல்ஸ் கிரிஃபித் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போவார். பிள்ளைங்க குடைராட்டினத்தில் சுத்துவாங்க. அப்பா மட்டும் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார். பெரியவங்களும் பிள்ளைங்களும் சேர்ந்து விளையாடுற மாதிரி ஒரு இடம் ஏன் இல்லைன்னு அங்கேதான் யோசிச்சிருக்கார். 1950-ல் ஓக்லண்டில் திறந்த சில்ட்ரன்ஸ் ஃபேரிலேண்ட் என்ற குழந்தைக் கதைப் பூங்காவையும் போய்ப் பார்த்தார். அதை நடத்தியவரையே பின்னாடி தன்னிடம் வேலைக்குச் சேர்த்துக்கிட்டார்.

அண்ணன் ராய்தான் கம்பெனியின் கணக்கைப் பார்த்தவர். பார்க்கெல்லாம் வேண்டாம் என்றார். பேங்குகளும் கை விரிச்சிட்டாங்க. வால்ட் தன் இன்சூரன்ஸ் பாலிசியை வைத்துக் கடன் வாங்கினார். கடைசியில் அண்ணனும் இறங்கி வந்து, ஒரு டி.வி. கம்பெனியிடம் பேசி பணம் ஏற்பாடு செய்தார். அனஹைமில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பு. 1954 ஜூலையில் வேலை ஆரம்பித்து ஒரே வருஷத்தில் முடிச்சாங்க. செலவு சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர். கோட்டையின் உயரம் 77 அடிதான். ஆனா மேலே போகப் போக கற்களைச் சின்னதாக வச்சதால, கீழே நின்னு பார்த்தா ரொம்ப உயரமாத் தெரியும்.

1955 ஜூலை 17, திறப்பு விழா. ஒரே கூத்து! கள்ள டிக்கெட்டோடு ஆட்கள் நுழைஞ்சு, அழைத்ததைவிட எவ்வளவோ அதிகமாக சுமார் 28,000 பேர் வந்துட்டாங்க. வெயிலில் புதுத் தார் இளகி, பெண்களின் ஹை ஹீல்ஸ் செருப்பு உள்ளே போய் மாட்டிக்கிச்சு. பிளம்பர்கள் ஸ்டிரைக் நடந்ததால் குடிதண்ணீர் குழாயா, கழிப்பறையா என்ற நிலை வர, வால்ட் கழிப்பறையைத்தான் முடிக்கச் சொன்னார். சரிதானே? படகு சவாரியில் இரண்டு கரையிலும் வெறும் மண்மேடு. மறுவருஷம்தான் அங்கே மூன்று பன்றிக்குட்டிகளின் வீடு மாதிரி கதைகளில் வரும் குட்டிக் குட்டி வீடுகளைக் கட்டி ஸ்டோரிபுக் லேண்ட் என்று பெயர் வச்சாங்க. பேப்பர்களில் திட்டித் தீர்த்தாங்க. ஆனா ஏழே வாரத்தில் பத்து லட்சம் பேர் வந்து பார்த்தாச்சு!

சிகரெட் பழக்கம் அவரை விடவில்லை. நுரையீரல் புற்றுநோய் வந்து 1966 டிசம்பர் 15 அன்று, 65 வயதில் இறந்தார். ஃபுளோரிடாவில் இன்னும் பெரிய பூங்கா கட்ட நிலம் வாங்கி வச்சிருந்தார். ஓய்வு பெற நினைத்திருந்த ராய், அதைத் தள்ளிப் போட்டுவிட்டு வேலையை முடிச்சார். 1971 அக்டோபர் 1 அன்று அது திறந்தது. வெறும் டிஸ்னி என்று போடாமல், தம்பியின் முழுப் பெயரையும் சேர்த்து வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்றுதான் பெயர் வைக்கணும்னு பிடிவாதமாக இருந்தது, முதலில் பார்க்கே வேண்டாம் என்ற அதே அண்ணன்தான். அந்த டிசம்பரிலேயே அவரும் இறந்துவிட்டார்.