செம்மீன் தந்த ராமு காரியாட்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில், ஆடவர் கடல்மேற் சென்றபின் கரையில் காத்திருக்கும் மகளிர்க்குப் பொழுது நெடிது. இரங்கலை நெய்தலின் உரிப்பொருளாக வகுத்தது நம் மரபு. அவ்விரங்கலை வெள்ளித்திரைக்குக் கொணர்ந்தவர் மலையாள இயக்குநர் ராமு காரியாட். நெய்தல் மண்ணில் தழைத்த நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அவரை நினைவுகூர்தல் பொருத்தமே.

திருச்சூர்க் கடற்கரைப் பகுதியைச் சேர்ந்த ஏங்கண்டியூரில் 1927-இல் பிறந்த அவர், இடதுசாரி இயக்கத்தோடு நெருங்கிய உறவு பூண்டவர். 1954-இல் பி. பாஸ்கரனுடன் இணைந்து இயக்கிய ‘நீலக்குயில்’, தாழ்த்தப்பட்ட குலப் பெண்ணைக் காதலித்துக் கைவிடும் ஆசிரியனைக் காட்டிச் சாதியின் கொடுமையைத் தோலுரித்தது.

1965 அவர் வாழ்வின் உச்சம். அவ்வாண்டு நாட்டிகைத் தொகுதியில் வென்றார். எக்கட்சிக்கும் பெரும்பான்மை வாய்க்காமையால் சட்டமன்றம் கூடாமலேயே கலைந்தது. அதே ஆண்டில், தகழி சிவசங்கரப் பிள்ளையின் நாவலைத் தழுவிய ‘செம்மீன்’ வெளிவந்தது. சலில் சௌதுரி இசையமைக்க, மார்க்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு செய்தார். தென்னாட்டுப் படமொன்று குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்றது அதுவே முதன்முறை.

மீனவப் பெண் கருத்தம்மா, முஸ்லிம் மீன் வணிகனான பரீக்குட்டியை விரும்புகிறாள். அவனிடம் பெற்ற பொருளால் தோணியும் வலையும் கொண்ட தந்தை, மகளைப் பழனிக்கு மணமுடிக்கிறான். ஊரார் அலர் தூற்றுகின்றனர். பழனியைத் தம் தோணியில் ஏற்ற மறுக்கின்றனர். தனியே சென்ற அவனைச் சுழல் விழுங்குகிறது. அவ்விரவில் சந்தித்த காதலர் இருவரும் பிணமாகக் கரையொதுங்குகின்றனர்.

மனைவியின் கற்பே கடலில் கணவனைக் காக்கும் என்ற நம்பிக்கை இக்கதையின் அச்சாணி. சாதியைத் துணிந்து வினவிய கலைஞர், இந்நம்பிக்கையை வினவவில்லை. கடலையே அதற்குச் சான்றாக்கிவிட்டார். அழகு மிக்க அப்படத்தில் என் நெஞ்சை உறுத்தும் முள் இது.

‘நெல்’ முதலிய படங்களைப் பின்னர் அளித்த அவர், 1979-இல் மறைந்தார்.

பதிற்றுப்பத்தில் செம்மீன் என்பது கற்பின் விண்மீனாகிய அருந்ததி. மலையாளத்தில் அது இறால். நம் ஏரியின் ஆழமற்ற நீரில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்களுக்கு இவ்விரண்டாம் பொருளே வாழ்வு. கடல் கொண்ட உயிருக்குக் காற்றும் நீரோட்டமும் பொறுப்பாகலாம். கரையில் நின்றவளின் மனம் பொறுப்பாகாது. காரியாட் விட்டுச்சென்ற அவ்விடத்திலிருந்து புதிய நெய்தலைப் பாடுதல் நம் கவிஞர்தம் கடன்.